இனி ஒன்றும் மிச்சமில்லை என்பதற்கான அத்தாட்சி

ஹிதாயா சட்டத்தரணி படிவத்தை என் பக்கம் திருப்பினார்.
நான்காம் பகுதி:
உள்நாட்டுப் பரிகாரங்கள் யாவும் தீர்ந்தனவா?

பரிகாரம் என்றால் எனக்குச் சனிக்கிழமை.
கறுப்புத் துணியில் முடிந்த எள், நல்லெண்ணெய்.
அதையும் ஏழரை வருடம் எரித்தேன்.
அது இந்தப் பட்டியலில் வராதாம்.

தோல்விகளைத் தேதிவாரியாக அடுக்கச் சொன்னார்.
ஒன்று குறைந்தாலும் ஜெனீவா திருப்பி அனுப்பிவிடும்.
அதுவும் கோர்ட் இல்லை அக்கா, ஒரு குழு, என்றார்.
மேசை போதவில்லை. தரையில் பாய் விரித்தோம்.

பொலிஸ் துண்டு, சிங்களத்தில்.
கமலேந்திரன் என்பதைப் பிரித்து
கமல், இந்திரன் என்று எழுதியிருந்தார்கள்.
சரிதான்,
இரண்டு பேரையும் காணவில்லை.

பிறகு மேல் நீதிமன்றம், ஆட்கொணர்வு மனு.
அறுபத்தொரு தவணை.
ஆளைத் தவிர எல்லோரும் வந்தார்கள்.
ஒரு தவணையன்று, கோட்டைப் பக்கமிருந்து இறங்கிவந்த கொம்பன் மான்
வாசலில் வைத்து என் போட்டோ கொப்பியைத் தின்றது,
பதினோராம் பக்கத்திலிருந்து பதினாலு வரை.
மென்ற முகத்தில் ஒரு குற்றமும் இல்லை.
உள்ளே அரச சட்டத்தரணி
அதே நிதானத்தில் மென்றுகொண்டிருந்தார்:
மேலும் அவகாசம், கனம் நீதிபதி அவர்களே, மேலும் அவகாசம்.

உயர் நீதிமன்றத்துக்கு
ஒரு மாதத்துக்குள் போயிருக்க வேண்டுமாம்.
அந்த ஒரு மாதம் நான்
பெரியாஸ்பத்திரிப் பிணவறையில் நின்றேன்.
முகாம் வாசல்களில் நின்றேன்.
கப்பல்துறைப் பற்றைக்குள் ஒரு செருப்புக் கிடக்கிறதென்று
யாரோ சொல்ல, அங்கே போனேன்.
இடது கால். எங்களுடையதல்ல.
எவருடையதோ என்று எடுத்துவந்து
இன்னும் வைத்திருக்கிறேன்.

சட்டத்தில் அதற்குப் பெயர் தாமதம்.

மேன்முறையீட்டுக்குக் கொழும்பு, இரவு ரயில்.
கல்ஓயாவில் எங்கள் பெட்டிகளை இருட்டில் நிறுத்திவிட்டு
மட்டக்களப்பு ரயிலுக்குக் காத்திருப்பார்கள்.
எத்தனை இரவு அங்கே நுளம்புக்குக் கொடுத்த இரத்தம்!
அதற்கு ரசீது இல்லை.

போன செவ்வாய் ஹிதாயாவின் அழைப்பு:
"அக்கா, தள்ளுபடி."
குரலில் சின்னதாக ஒரு வெளிச்சம்.
"முடிஞ்சிது. இனி நாம போகலாம்."
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன்.
மனையாவெளிக் கடையில் அரைக்கிலோ மஸ்கெற் வாங்கினேன்.
என்ன விசேஷம் என்றார் கடைக்காரர்.
வழக்குத் தோத்திட்டன் என்றேன்.

முதல் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதி மட்டும்தான் பாக்கி.
ஆவண அறையில் பதிவாளர்
லெட்ஜரை முன்னும் பின்னும் புரட்டினார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கோவையைக் காணவில்லை."

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
பதினாறு வருடமாக என் வீட்டில்
தனக்கொரு கோப்பை வைத்துக்கொண்டு இருக்கிற சொல்.
கேட்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை.
கடைசியாக யார் பார்த்தது?
என்ன நிறம், என்ன தடிப்பு,
நாடா கட்டியிருந்ததா,
கூட்டிக்கொண்டு போனவர்கள் சீருடையிலா,
வாகனத்துக்கு நம்பர் இருந்ததா?

அவர் சிரிக்கவில்லை.
எழுந்து, கதிரையை என் பக்கம் நகர்த்தினார்.
மெதுவாகச் சொன்னார்:
கோவையைத் தேடித்தரச் சொல்லி
ஒரு மனுப் போடலாம், அம்மா. அதற்கும் வழியிருக்கு.

பையில் மஸ்கெற் ஒரு துண்டு மிச்சமிருந்தது.
நீட்டினேன். எடுத்துக்கொண்டார்.
எண்ணெய் விரலால் நாட்காட்டியைத் தொட்டு,
"அடுத்த புதன் வாங்கோ."

கொப்பியில் குறித்துக்கொண்டேன்.
அறுபத்திரண்டு.